றேடியோ வைத்துவிட்டுப் போன கள்ளன்

"களவு போனது என்ன?" என்று கேட்டாள் ஞானாம்பிகை.

"ஒரு செத்த றேடியோ," என்றார் இராசநாயகம்.

"கள்ளன் விட்டிட்டுப் போனது?"

"ஒரு நல்ல றேடியோ."

லியோன் தன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்தான். "ஐயா, உந்தக் கள்ளன்ரை விலாசம் கிடைச்சா எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. என்ரை வீட்டிலை ஒரு செத்த மணிக்கூடு கிடக்கு. படலையைத் திறந்து வைச்சிட்டுப் படுக்கிறன்."

இராசநாயகம் சிரிக்கவில்லை. "தம்பி, எனக்கு நெஞ்சு பத்துது. நீர் பகிடி விடுறீர்."

ஞானாம்பிகை லியோனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். எவ்வளவு நேரத்துக்கு என்பது வேறு விஷயம்.

யாழ்ப்பாணத்து ரெலிபோன் நிலையத்தில் நெடுங்காலம் இருந்து, ஊரின் குரல்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துவிட்டவள் ஞானாம்பிகை. போரில் கம்பிகள் ஊமையான பிறகு வீட்டில் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. காணாமற்போன பொருட்கள், காணாமற்போன மாப்பிள்ளைகள், ஆர் என்று தெரியாத மொட்டைக் கடிதக்காரர்கள் என்று துப்புத் துலக்கப் புறப்பட்டுவிட்டாள். லியோன் குருநகர்க்காரன். கடலில் இறங்கத் தடை வந்ததும் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டுச் சைக்கிள் ஏறியவன். துப்பறிவதும் மீன்பிடிப்பதும் ஒன்றுதான் என்பது அவன் கட்சி. இரண்டிலும் பேசாமல் இருந்தால் நல்லது. அவனால் இரண்டிலும் அது முடிந்ததில்லை.

மானிப்பாயில் இராசநாயகத்தின் வீட்டு விறாந்தையில் ஒரு மூலை முழுக்கச் சத்தமில்லாத றேடியோக்கள். முதுகுப் பலகை கழன்றவை, முள் உடைந்தவை, கரப்பான் குடியிருந்தவை. நடுவில் ஒரு மேசை. மேசைக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், தலைகீழாக நிற்கும் ஒரு சைக்கிள். மின்சாரம் இல்லை, பற்றறி கொண்டுவரத் தடை. றேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோ கொடுக்கிற கரண்டில் மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். குடாநாடு முழுவதும் அப்படித்தான் உலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"முதலிலை இருந்து சொல்லுங்கோ அண்ணை," என்றாள் ஞானாம்பிகை.

நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற இராசநாயகம், காணி எல்லையைக் காட்டுகிறவர் போல விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். நல்லூரில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிற ஒரு ரியூட்டரிக் கொட்டிலில் ஞாயிறு காலையில் றேடியோப் பைத்தியங்கள் கூடுவார்கள். அந்தக் கிழமை வாங்கியதை வாங்குப் பலகைகளில் பரப்புவார்கள். எது எவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பதில்தான் போட்டி. போன ஞாயிறு வெற்றி இராசநாயகத்துக்கு.

"நடராசாட்டை ஒரு பெரிய மரப்பெட்டி றேடியோ வேண்டினனான். என்ன குடுத்தனான் எண்டு நினைக்கிறியள்? ஒரு கதலிக் குலை! அதிலையும் அடிச்சீப்பு அணில் கடிச்சது!"

சொல்லும்போது அவர் முகத்தில் களவையும் மீறி ஒரு பிரகாசம் வந்தது.

"நடராசா ஆர்?"

"நல்லூரிலை சைக்கிள் திருத்துற கடை வைச்சிருக்கிறான். பள்ளிக்கூடத்திலை ஒண்டாப் படிச்சனாங்கள். அவனும் நானும் ரெண்டு பேராத் தூக்கித்தான் கரியரிலை கட்டினது. அவ்வளவு பாரம். சைக்கிளின்ரை முன் சில்லு எழும்புது! உள்ளுக்கை எலி கூடு கட்டியிருக்கவேணும், பின்பக்கத்தாலை வைக்கோல் தள்ளிக்கொண்டு நிண்டுது. அதுக்கென்ன, சாமான் சாமான்தானே. செவ்வாய்க்கிழமை உவன் வந்து நிக்கிறான். ரெண்டு குலை தாறன், ஒரு போத்தல் நல்லெண்ணெயும் தாறன், றேடியோவைத் திருப்பித் தா எண்டு."

"ஏனாம்?"

"சொல்லமாட்டானாம். நான் விடுவனே? அந்தப் பெட்டியை இந்தா, இப்பிடி ஒற்றைக் கையாலை தூக்கிக் காட்டி, 'உது இனி என்ரை, கனவிலையும் கிடையாது' எண்டு சொல்லி அனுப்பினன். அடுத்த நாள் சங்கக்கடையிலை மண்ணெண்ணெய் வரிசையிலை நிண்டுட்டுப் பின்னேரம் வந்து பாத்தா, என்ரை பெட்டியைக் காணேல்லை. அந்த இடத்திலை உந்த நீலப்பெட்டி."

"உடனை?"

"உடனை நேரை நல்லூருக்குப் போய், ஒழுங்கை முழுக்கக் கேக்க, 'நடராசா, நீ கள்ளன்!' எண்டு கத்திப்போட்டு வந்தன்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி மீனாம்பிகை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். தையல் படிப்பிக்கிற ஆசிரியை. இடது கையின் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் துணி சுற்றியிருந்தது.

"கையிலை என்ன ரீச்சர்?"

"குசினியிலை சுட்டுப்போட்டுது." தட்டை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "நல்ல றேடியோதானே கிடைச்சிருக்கு. இதோடை விட்டிருக்கலாம். விசாரணை என்னத்துக்கு?"

"விடுறதோ? உது எங்கை களவெடுத்த சாமானோ! நாளைக்குச் சொந்தக்காரன் வந்து என்னைக் கள்ளன் எண்டு சொன்னா?"

கள்ளன் என்ற சொல்லைக் கேட்டதும் மீனாம்பிகை உள்ளே போய்விட்டாள்.

ஞானாம்பிகை கண்ணைக் காட்ட, லியோன் பெடலைச் சுற்றினான். நீலப்பெட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு பழைய பாட்டை எடுத்தது. குரல் கணீரென்று வந்தது. அதன் பின்னால் ஒரு வயர் வட்டமாகச் சுற்றி அழகாகக் கட்டப்பட்டிருந்தது. ஞானாம்பிகை அதை அவிழ்த்தாள். அது போய்க்கொண்டே இருந்தது. விறாந்தையைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி, கிட்டத்தட்ட வீட்டின் மறுபக்கம் வரைக்கும்.

"சைக்கிள் மேசைக்குப் பக்கத்திலை நிக்குது. இவ்வளவு நீள வயர் என்னத்துக்கு?" என்று தனக்குள் சொன்னாள்.

"கள்ளன் தாராளமானவன்," என்றான் லியோன். றேடியோவைத் தூக்கிப் பார்த்து, "மாதாவே! பெட்டி சின்னன், பாரம் ரெண்டு திருக்கை," என்று கீழே வைத்தான். பிறகு மூக்கைப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோனான். "அக்கா, இது வள்ளத்துக்குப் பூசுற பெயின்ற். இந்த நீலத்திலை கொஞ்சம் பச்சை கலந்திருக்கு. எங்கடை பகுதியிலை இப்பிடிக் கலந்து பூசுறவர் பேதுரு அண்ணை ஒருத்தர்தான்."

ஞானாம்பிகை மேசை லாச்சியை இழுத்தாள். ஈயம் ஒட்டுகிற சோல்டர் அயன் கிடந்தது. கரண்டில் வேலை செய்வதல்ல; நெருப்பில் காய்ச்சுகிற செப்பு மூக்குக் கம்பி.

"இதைக் கடைசியா எப்ப பாவிச்சனீங்கள் அண்ணை?"

"அதைத் தொட்டுக் கனகாலம். ஈயம் தட்டுப்பாடு. முதல் சாமானைச் சேர்ப்பம், பேந்து ஆறுதலாத் திருத்துவம்."

அவள் கம்பியைத் தடவினாள். விரலில் சிரட்டைக்கரிச் சாம்பல் ஒட்டியது. அதைத் துடைத்துவிட்டு லாச்சியை மூடினாள்.

"வாறம் அண்ணை. முதல் நல்லூர்."

சைக்கிளில் ஏறியதும் லியோன் கேட்டான். "நீலம் குருநகரிலை எண்டு சொல்லுறன். நீங்கள் நல்லூருக்கு விடுறியள்?"

"நீலம் ஓடாது. நடராசான்ரை பேர்தான் கெட்டு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கு."

அவள் சொன்னது சரி. நல்லூரில் நடராசாவின் கடைக்கு முன்னால் ஒரு சைக்கிளும் இல்லை. கோயில் வீதியில் போகிறவர்கள் எல்லோரும் சைக்கிளில்தான் போனார்கள். ஒருவரும் அந்த ஒழுங்கைக்குள் திரும்பவில்லை. கள்ளன் என்று பேர் விழுந்தவனிடம் ஆர் சைக்கிளை விட்டுவிட்டுப் போவார்கள்? நடராசா ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த திருகுச் சாவிகளை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"இராசநாயகமோ உங்களை அனுப்பினவன்?" என்றார் நிமிராமலே.

"ஓம். ஆனா நான் அவருக்காக மட்டும் வரேல்லை. அந்த றேடியோவை ஏன் திருப்பிக் கேட்டனீங்கள்?"

"சொல்லமாட்டன்."

"சொன்னா உங்கடை பேர் மீளும்."

"சொன்னா இருக்கிறதும் போயிடும்."

ஞானாம்பிகை வளவைச் சுற்றிப் பார்த்தாள். கோடிப்புறத்தில் ஒரு செங்கோழி வெறுந்தரையில் அங்குமிங்கும் நடந்து கொக்கரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வைக்கோல் போட்ட புதுக் கடகம். கோழி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடகத்துக்குப் பக்கத்தில் செங்கல் வைத்த ஒரு மேடை காலியாகக் கிடந்தது.

"அண்ணை, கோழி முட்டை போடாமல் எத்தினை நாள்?"

நடராசாவின் கையிலிருந்து சாவி விழுந்தது.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"றேடியோவுக்குள்ளை வைக்கோல் இருந்ததாம். எலி எண்டு அவர் நினைச்சார்."

நடராசா இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அந்தச் செத்த றேடியோவின்ரை பின்பலகையைக் கழட்டி என்ரை மனுசி கோழிக்கு வைச்சவ. அவ கோயிலுக்குப் போன நேரம் பாத்து, வைக்கோலைத் தட்டி, பலகையைப் பூட்டி, வாழைக்குலைக்கு வித்திட்டன். ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து கோழியும் முட்டை போடேல்லை, மனுசியும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. டைனமோ சுத்திறதிலை என்னை விட்டா ஆளில்லை எண்டு சொல்லுற சனத்துக்கு முன்னாலை, கோழிக்காக றேடியோ கேட்டுப் போனன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

லியோன் சிரிப்பை அடக்கிய விதத்தில் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அதுக்காக நான் களவெடுக்கேல்லை, தங்கச்சி," என்றார் நடராசா. குரல் இறங்கிவிட்டது. "களவெடுத்தவன் எண்டு அவன்ரை வாயாலை சொல்லிப்போட்டான். வேறை ஆரும் சொல்லியிருந்தாப் பரவாயில்லை."

குருநகரில் கரையோரம் வள்ளங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. பேதுரு தன் வீட்டு வாசலில் ஒரு கதிரைக்குக் கால் பூட்டிக்கொண்டிருந்தார். கடல் இல்லாத நாளில் மரம் அவருக்குத் தொழில்.

லியோன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இஞ்சை நேரை கேட்டா மறைச்சுப்போடுவினம். நான் மெல்லமாக் கதையைக் குடுத்து..."

"பேதுரு அண்ணை," என்றாள் ஞானாம்பிகை, "நீலப்பெட்டி ஒண்டு நீங்களோ செய்தது?"

"ஓம், நான்தான்! என்ன, கழண்டு போச்சோ?"

லியோன் வாயைத் திறந்தபடி நின்றான்.

"ஆர் செய்விச்சது?"

"மானிப்பாய் ரீச்சர். என்ரை மகளுக்குத் தையல் படிப்பிக்கிறவ. பழைய பெட்டி கோழி எச்சம் நாறுது, நல்லதா ஒண்டு அடிச்சுத் தாங்கோ எண்டு கேட்டவ. பழசு அந்தா கிடக்கு. தேக்கு. உடைக்க மனம் வரேல்லை."

மூலையில் இராசநாயகத்தின் மரப்பெட்டி இருந்தது. லியோன் பாய்ந்து போய்ப் பின்பலகையைத் திறந்தான். ஒரு மூலையில் நாலைந்து வைக்கோல் துரும்பு. அவ்வளவுதான். றேடியோவின் உள்ளுறுப்பு ஒன்றுகூட இல்லை.

"அக்கா! உள்ளுடனைக் காணேல்லை! ஆரோ உருவிப்போட்டாங்கள்!"

"ஒருத்தரும் உருவேல்லை. அது மானிப்பாயிலை பாடிக்கொண்டிருக்கு."

லியோன் வெறும் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"செத்த றேடியோவும் நல்ல றேடியோவும் ஒண்டுதான் லியோன். உள்ளுடன் அதே உள்ளுடன். சட்டைதான் புதுசு."

"எண்டா... களவு?"

"நடக்கவேயில்லை."

"ஆனா திருத்தினது ஆர்? பேதுரு அண்ணை, நீங்களோ?"

"எனக்கு வள்ளத்திலை ஓட்டை அடைக்கத் தெரியும். றேடியோவிலை எங்கை ஓட்டை இருக்கு எண்டு ஆர் கண்டது? ரீச்சர் உள்ளுடனைச் சீலைத்துண்டிலை சுத்திக்கொண்டு வந்தவ. நான் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டினன். என்ரை சைக்கிளிலை குடுத்துப் பாத்தம், பாடிச்சுது. கொண்டு வரேக்கையே சுகமாத்தான் இருந்தது."

திரும்பும் வழியில், பழைய பெட்டியைக் கரியரில் கட்டிய லியோன் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "ரீச்சர் ஆரோ மெக்கானிக்கிட்டைக் குடுத்திருப்பா, என்ன?"

"மெக்கானிக் திருத்தினா ஏன் ரீச்சரின்ரை விரல் சுடவேணும்? அதுவும் இடது கையிலை, பெருவிரலும் சுட்டுவிரலும். வலக்கையாலை அயனைப் பிடிச்சு, இடக்கையாலை கம்பியைப் பிடிக்கிறவைக்கு அந்த இடத்திலைதான் சுடும். சோறு வடிக்கிறவைக்கு இல்லை. அந்த அயனிலை புதுச் சாம்பல். வயர் எவ்வளவு நீளம் எண்டு பாத்தனீதானே? மேசையிலை இருந்து குசினி யன்னல் வரைக்கும். கள்ளனுக்கு அந்த வீட்டிலை றேடியோவை எங்கை இருந்து கேக்கவேணும் எண்டு தெரிஞ்சிருக்கு."

"மாதாவே! அவர் விறாந்தையிலை பெடல் சுத்துவார், அவ குசினியிலை பாட்டுக் கேப்பா!" லியோன் ஹாண்டிலை விட்டுவிட்டுக் கைதட்டப் பார்த்து, ஒழுங்கை வேலியில் மோதாமல் தப்பினான். "ஆனா நடராசா அண்ணை எடுக்கேல்லை எண்டு முதலே உங்களுக்குத் தெரியுமோ?"

"ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேர் தூக்கின பெட்டியைச் செவ்வாய்க்கிழமை ஒருத்தர் ஒற்றைக் கையாலை தூக்கிக் காட்டியிருக்கிறார். நடராசா திருப்பிக் கேட்டு வந்த அண்டைக்கே உள்ளுடன் பெட்டியிலை இல்லை."

"அது ஐயாவுக்கு விளங்கேல்லையோ?"

"வேண்டின சந்தோசத்திலை எல்லாப் பாரமும் குறைஞ்சுதான் இருக்கும்."

மீனாம்பிகை குசினியில் தனியாக இருந்தாள். ஞானாம்பிகை பழைய பெட்டி கிடைத்த இடத்தைச் சொன்னதும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். மறுக்கவில்லை.

"அவர் வேண்டுவார். துடைப்பார். பக்கத்திலை வைச்சுப் பாப்பார். ஒண்டையும் திறக்கமாட்டார். திங்கட்கிழமை அவர் நித்திரை கொள்ளேக்கை உள்ளுடனைக் கழட்டினன். ஊசி நூல் பாக்கிற கண்ணுக்கு ஒரு கம்பி விட்டுப்போய் நிக்கிறது தெரியாதே? முந்தி ஒருக்கா அவர் ஒட்டினதைப் பாத்திருக்கிறன். நானும் ஒட்டினன். விரல்தான் போச்சு. புதன்கிழமை பெட்டியை மாத்தி வைச்சிட்டு, அவர் வந்து பாத்து முழிக்கேக்கை சிரிச்சுச் சொல்லுவம் எண்டு இருந்தன்."

"ஆனா அவர் முழிக்கேல்லை."

"வந்தார், பாத்தார், சைக்கிளை எடுத்தார், போயிட்டார். நான் கூப்பிடக் கூப்பிடக் கேக்கேல்லை. திரும்பி வரேக்கை நடராசாவைக் கள்ளனாக்கிப்போட்டு வாறார். இனி நான் வாயைத் திறந்தா இவருக்கு ஊரிலை முகமில்லை. மூடிக்கொண்டிருந்தா அந்த மனிசனுக்கு இல்லை." அவள் கண்கள் நிறைந்தன. "ஒரு பாட்டுக் கேக்க ஆசைப்பட்டு ரெண்டு பேரின்ரை சிநேகிதத்தை முறிச்சுப்போட்டன்."

"நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?"

மீனாம்பிகை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நான்தான் சொல்லவேணும்."

விறாந்தையில் அவள் சொன்னாள். இராசநாயகம் முதலில் நம்பவில்லை. பிறகு கோபம் வந்தது. "என்ரை மேசையிலை, எனக்குத் தெரியாமலோ?" என்று எழுந்தார். பிறகு லியோன் கொண்டுவந்து வைத்த வெறும் பெட்டியைக் கண்டார். கையை நீட்டி அதைத் தூக்கினார். ஒற்றைக் கையில் வந்தது. அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். ஞானாம்பிகை எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டியை மெல்ல வைத்துவிட்டு, நீலப்பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தலையை உள்ளே விடாத குறையாகப் பார்த்தார்.

"இது உம்மடை வேலையோ?"

"ஓம்."

"ஈயம் கொஞ்சம் கூடிப்போச்சு."

"பாடுதுதானே."

"பாடுது," என்றார். பின்பலகையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். "மீனாம்பிகை, நான் அவனை ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கள்ளன் எண்டனப்பா."

"அப்ப ஒழுங்கை முழுக்கக் கேக்கத்தான் போய்ச் சொல்லவேணும்," என்றாள் அவள். "நானும் வாறன்."

நாலு சைக்கிள்கள் நல்லூருக்குப் போயின. இராசநாயகம் கடைக்கு முன்னால் இறங்கி, கோழியின் பெட்டியை நிலத்தில் வைத்து, வீதியின் நடுவில் நின்றுகொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எல்லாரும் கேளுங்கோ!" என்று கத்தினார். "நான் அண்டைக்கு இதிலை நிண்டு சொன்னது பொய்! என்ரை றேடியோவை ஒருத்தரும் எடுக்கேல்லை! என்ரை மனுசி திருத்தி வைச்சவ, அது எனக்கே தெரியேல்லை! நடராசா கள்ளனில்லை! நான்தான் விசரன்!"

வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின. எதிர்வீட்டு யன்னல் திறந்தது.

"ஐயா, அந்த மூலை வீட்டுக்காரருக்குக் காது மந்தம்," என்றான் லியோன் மெதுவாக. "இன்னொருக்கா."

இராசநாயகம் உண்மையாகவே இன்னொருமுறை கத்தினார்.

நடராசா கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். இராசநாயகத்தைப் பார்க்கவில்லை. நிலத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார். மீனாம்பிகையின் துணி சுற்றிய விரல்களைப் பார்த்தார். பிறகு இராசநாயகத்தின் சைக்கிளைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பின் சில்லைக் காலால் தட்டினார்.

"சில்லு இப்பிடி ஆடுது. மானிப்பாயிலை இருந்து இதோடையே வந்தனீ?"

"வந்தன்," என்றார் இராசநாயகம்.

"விழுந்து செத்திருப்பாய், விசரா."

நடராசா சைக்கிளைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கவிழ்த்து வைத்தார். துடைத்துத் துடைத்துப் பளபளத்த சாவிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு குந்தினார். இராசநாயகமும் பக்கத்தில் குந்தி, சொல்லாமலே சில்லைப் பிடித்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரர் யன்னலை விட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் படலையைத் திறந்து, காற்றுப்போன தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, கடைக்கு முன்னால் அடுத்ததாக நிறுத்தினார்.